நூற்றிருபது மணி நேரம்

ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, டாம்சின்.
நீதிமன்றம் எனக்கு அளந்து கொடுத்தது அவ்வளவுதான்.
அதிலும் பதினாறு வயதில் உனக்கு
அப்பாவோடு சினிமா வேண்டாம், பீட்சா வேண்டாம்.
அப்போதுதான் வந்தது மஞ்சள் பலகையில் கறுப்பு எல்.
கூடவே ஒரு குறிப்பேடு:
நூற்றிருபது மணி நேரம் ஓட்டியாக வேண்டும்,
அதில் இருபது இருட்டில்,
பக்கத்தில் முழு லைசென்ஸ்காரர் ஒருவர்
விழித்திருக்க வேண்டும்.
அரசாங்கம் என்மேல் இவ்வளவு கருணை காட்டியது
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பக்கத்து இருக்கைக்காரனுக்கும் சட்டம் உண்டு.
குடித்துவிட்டு உட்காரக் கூடாது.
வெள்ளி இரவு ஃபிரிட்ஜைத் திறப்பேன்.
பாட்டில்களின் குளிர்ந்த கழுத்துகளை எண்ணுவேன்.
ஆரஞ்சுச் சாற்றை எடுத்துக்கொண்டு மூடுவேன்.
உனக்கு இது தெரியாது.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

இருந்த கட்டங்களை நிரப்பினோம்:
தேதி, புறப்பட்ட நேரம், மீட்டர், மழையா வெயிலா,
என் லைசென்ஸ் எண், என் கையெழுத்து.
டப்போவில் உன் முதல் ரவுண்டானாவை
மூன்று முறை சுற்றினோம், வெளியே வர வழி தெரியாமல்.
நீ அழுதாய்.
"நல்ல ரவுண்டானா, இன்னொரு தரம் போகலாம்" என்றேன்.
சிரித்ததில் கிளட்சை விட்டாய், கார் இருமி நின்றது.
இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து
என் காலடி விரிப்பில் ஒரு பள்ளம்.

முகம் பார்த்துக் கேட்க முடியாததைச்
சாலை பார்த்துக் கேட்டுவிடலாம் போலிருக்கிறது.
நாரோமைன் சாலையில், கோதுமைக் கிடங்கு தாண்டி,
எண்பதில் போகும்போது கேட்டாய்:
"அன்றைக்கு ஏன் பள்ளிக்கு வரலை?"
"கண்ணாடியைப் பார்" என்றேன்.
பதில் இல்லை அது.
ஆனால் பின்னால் லாரி வந்துகொண்டுதான் இருந்தது.

உன் வகுப்பில் சிலருக்கு
ஒரே ராத்திரியில், மூன்று பேனாக்களில்,
நூறு மணி நேரம் ஓடியிருக்கிறது.
நான் அரை மணியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.
நேர்மை என்று நினைத்துக்கொண்டாய்.

பிறகு சிவப்பு பி.
தேர்வாளர் கைகுலுக்கினார், நீ என்னைக் கட்டிக்கொண்டாய்,
சாவியை வாங்கிக்கொண்டு
தனியாக வீட்டுக்குப் போனாய்.
நான் பஸ்ஸில் போனேன்.
அடுத்த சனிக்கிழமை உன் குறுஞ்செய்தி:
"தோழிகளோடு போகிறேன், பரவாயில்லையா?"
பரவாயில்லை.
ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

ஜூலையில் ஒரு நள்ளிரவு, கிளப் வாசலில்,
டாக்ஸி இல்லை, எனக்கு நடையும் இல்லை.
உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது.
வந்தாய், பைஜாமாவோடு.
"பதினொன்றுக்கு மேல் நீ ஒருவரைத்தான் ஏற்றலாம்" என்றேன்,
சட்டம் தெரிந்தவனாக.
"அது இருபத்தொன்றுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, அப்பா.
உனக்கு நாற்பத்தெட்டு. நீ கணக்கிலேயே இல்லை."

தொண்ணூறுதான் உனக்கு எல்லை.
லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டின,
நீ அசையவில்லை.
கங்காரு எந்தப் பக்கமிருந்து வந்தது,
எனக்குத் தெரியாது. என் கால்
பழைய பள்ளத்தைத் தேடிக்கொண்டிருக்கையில்
கார் நின்றுவிட்டிருந்தது.
அது நம்மை ஒரு முறை பார்த்துவிட்டு வேலி தாண்டியது.

நீ பேசவில்லை. நானும்தான்.
இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாய்:
"பலகை விழுந்துடுச்சு. இல்லாம ஓட்டினா அபராதம்."

அப்படித்தான் நான்,
உறைபனி பிடித்த புல்லில் முழங்கால் ஊன்றி,
கைபேசி வெளிச்சத்தில், உன் பி பலகையைத் தேடினேன்.
நீ ஹெட்லைட்டை எனக்காகத் திருப்பினாய்.
வேலியோரம் கிடந்தது, சேற்றில் குப்புற.
சட்டையால் துடைத்தேன், வெள்ளை தெரியும்வரை,
காரின் முன்னால் பதித்து
கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றேன்.
"போதும் அப்பா, ஒட்டிக்கிச்சு," என்றாய்.
"ஏறு."